பெட்டி படலைக்குள் வருமுன்: வாடகை வீட்டில் உங்களோடு யார் யார் இருக்கலாம்?

யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். ஒரு கை தண்ணீர் அள்ளி உவரா, நன்னீரா என்று வாயில் விட்டுப் பார்ப்பார்கள். முற்பணம் எத்தனை மாதம், கறண்ட் மீட்டர் தனியா என்றெல்லாம் கேட்பார்கள். "இந்த வீட்டில் நாங்கள் யார் யார் இருக்கலாம்?" என்று மட்டும் கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்வி ஆறு மாதம் கழித்து, மல்லாவியில் இருந்து மச்சாளின் மகன் பெட்டியோடு படலையில் வந்து நிற்கும்போதுதான் வரும். அப்போது கேட்டால் வீட்டுக்காரரின் முகமும் சரியாக இராது, மச்சாளின் முகமும் சரியாக இராது.

எனக்கு இந்த விஷயம் இரண்டு பக்கத்தாலும் தெரியும். 1990 ஜூனில் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டதில் இருந்து ஏழு வாடகை வீடுகளில் இருந்தவள். 24 வருடம் யாழ்ப்பாண நகரில் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள். இப்போது, கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணாவின் கொக்குவில் வீட்டை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் வாடகை ஒப்பந்தம் எத்தனை நூறு அடித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

"குடும்பம்" என்ற சொல்லை வெட்டுங்கள்

முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். அதில் கட்டாயம் இப்படி ஒரு வரி இருக்கும்: "வாடகைக்காரர் மேற்படி வீட்டைத் தமதும் தமது குடும்பத்தினரதும் வதிவிடத் தேவைக்கு மாத்திரம் பயன்படுத்துதல் வேண்டும்." பிழையில்லாத வரி போலத்தான் தெரியும். பிரச்சினை எல்லாம் "குடும்பம்" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் வீட்டுக்காரருக்குக் குடும்பம் என்றால் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். எங்களுக்கு அம்மா, மாமி, கலியாணம் ஆகாத தங்கச்சி, உயர்தரம் படிக்க வந்து நிற்கும் பெறாமகள் எல்லாரும் குடும்பம்தான். ஒப்பந்தம் விளக்கம் சொல்லாவிட்டால் ஆளுக்கொரு விளக்கம் வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கலாம்.

ஆகவே அந்தச் சொல்லுக்குப் பதிலாகப் பெயர்களை எழுதுவியுங்கள். நான் கொக்குவில் வீட்டுக்கு எழுதியது இது. வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"இவ்வீட்டில் வாடகைக்காரரும் அவரின் மனைவியும், கீழே பெயர் குறிப்பிடப்பட்ட பிள்ளைகள் இருவரும், வாடகைக்காரரின் தாயாரும் வசிப்பர். இவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அனுமதி தேவையில்லை. வேறெவரும் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் தங்குவதாயின் உரிமையாளருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து அவரது சம்மதத்தைப் பெறுதல் வேண்டும்."

பிள்ளை பிறக்க அனுமதியா என்று சிரிக்க வேண்டாம். எங்கள் மூன்றாவது வீட்டில் "நாலு பேர் மட்டும்" என்று எழுதியிருந்தது. ஐந்தாவதாக என் கடைசி மகன் வந்தபோது, வீட்டுக்கார அம்மா தொட்டிலைப் பார்த்துவிட்டு வாடகையைக் கூட்டினா. அந்த 14 நாள் என்பது சட்டத்தில் இருக்கும் எண் இல்லை. நீங்கள் பேசி 7 ஆகவோ 30 ஆகவோ வைத்துக்கொள்ளலாம். ஏதோ ஒரு எண் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எண் இல்லாவிட்டால் விருந்தாளி எந்த நாளில் குடியிருப்பவர் ஆகிறார் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று: கணவன், மனைவி இருவரும் வாடகைக்காரராகக் கையெழுத்து வையுங்கள். இங்கே பெரும்பாலும் ஆண்தான் கையெழுத்து வைப்பார். பிறகு அவர் கட்டாருக்கோ டுபாய்க்கோ வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் இருக்கும் பெண்ணைப் பார்த்து, "ஒப்பந்தத்தில் உம்மட பேர் இல்லைத்தானே" என்று சொல்ல யாருக்கும் இடம் வைக்கக் கூடாது.

நொத்தாரிசிடம் போகாமல் வெள்ளைத் தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி வைத்து முடிப்பவர்கள் பலர். 1840இன் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். வெள்ளைத் தாளில் "ஒரு வருடம்" என்று எழுதினாலும் அந்த ஒரு வருடத்துக்குப் பலம் கிடையாது. மாத வாடகையாகத்தான் நிற்கும். ஆனாலும் யார் யார் இருக்கப் போகிறார்கள் என்று இரண்டு பகுதியும் கையெழுத்து வைத்த தாள் ஒன்று கையில் இருப்பது, ஒன்றுமே இல்லாததை விட ஆயிரம் மடங்கு நல்லது.

திறப்பு யாரிடம்?

அதிகம் சிக்கல் வருவது பணம் கொடுத்துத் தங்குகிறவர்களால். இந்தப் பாடத்தை நான் பட்டுத்தான் படித்தேன்.

எங்கள் நாலாவது வீடு திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகும் தூரம். முன் அறை சும்மா கிடந்தது. மட்டக்களப்பில் இருந்து படிக்க வந்த இரண்டு பிள்ளைகளைச் சாப்பாட்டோடு போடிங்காக வைத்துக்கொண்டேன். காசும் உதவி, வீட்டில் பேச்சுத்துணையும் உதவி. மூன்றாம் மாதம் வீட்டுக்காரரின் தாயார் வந்து விறாந்தையில் இருந்தபடி, "நீர் என்ர மகன்ர வீட்டை வாடகைக்கு எடுத்து வேற ஆக்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்" என்றா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நாள் அலுவலகத்தில் நொத்தாரிசு ஐயாவிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்:

"பிள்ளை, அந்த அறைக்குப் பூட்டு ஆர் போட்டது?"

"அவைதான் ஐயா."

"ஒரு திறப்பு உம்மட்ட இருக்கோ?"

"இல்லை."

"அப்ப அறையை விட்டுக் குடுத்திட்டீர்."

பிறகு 1972இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் 10ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். உபவாடகை என்று சொல்ல மூன்று விஷயம் சேர்ந்து இருக்க வேண்டும். வந்தவர் வாடகை கொடுக்க வேண்டும். வீட்டின் பிரிக்கப்பட்ட ஒரு பகுதியை அவர் மட்டும் தனியாக அனுபவிக்க வேண்டும். அந்தப் பகுதியின் மேல் இருந்த கட்டுப்பாட்டை வாடகைக்காரர் கைவிட்டிருக்க வேண்டும். ஒரு அறையைப் பாவிக்க விட்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் உபவாடகைக்காரர் ஆகிவிட மாட்டார் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வீட்டுக்காரரின் எழுத்து மூலமான முன் சம்மதம் இல்லாமல் உபவாடகைக்கு விட்டால், வாடகைக்காரர், உபவாடகைக்காரர் இரண்டு பேரையும் எழுப்ப வழக்குப் போடலாம்.

அன்று பின்னேரமே பிள்ளைகளின் பூட்டைக் கழற்றச் சொன்னேன். அறையைக் கூட்டுவது, சாப்பாடு போடுவது எல்லாம் நானே என்பதை ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரைப் போடிங்காக வைத்திருக்கச் சம்மதம் என்று வீட்டுக்காரரிடம் கையெழுத்தும் வாங்கினேன். மாதம் 1,500 ரூபாய் கூடக் கேட்டார். கொடுத்தேன். சட்டப்படி கொடுக்க வேண்டியிருந்திராது என்று பின்னாளில் நினைத்ததுண்டு. ஆனால் அந்த 1,500 ரூபாயில் நாலு வருடம் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

போடிங் வைக்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அறைத் திறப்பு ஒன்று எப்போதும் உங்களிடம் இருக்கட்டும். பின் வாசலால் தனி வழி, தனிக் குசினி, தனி மீட்டர் என்று போகப் போக அது போடிங் என்ற நிலை மாறி அனெக்ஸ், அதாவது தனியாகப் பிரிந்த வீட்டுப் பகுதி ஆகிவிடும். அனெக்ஸ் விடும் உரிமை வீட்டுக்காரருடையது.

எல்லா வீட்டுக்கும் வாடகைச் சட்டம் பொருந்தாது. 1980, 2002 திருத்தங்களோடு நிறைய வீடுகள் அதன் பிடிக்கு வெளியே போய்விட்டன. உங்கள் வீடு எதில் வரும் என்பதை ஒப்பந்தத்தோடு ஒரு சட்டத்தரணியிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டம் பொருந்தாத வீட்டில் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் உங்களுக்குச் சட்டம். அதனால்தான் பெயர் எழுதுங்கள் என்று இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

மாணவர்கள் சேர்ந்து முழு வீடு எடுப்பது வேறு கதை. கலட்டி, பரமேஸ்வராச் சந்திப் பக்கம் ஒரு பெடியன் கையெழுத்து வைப்பான், ஆறு பேர் இருப்பார்கள். அவன் பட்டம் முடித்துப் போன பிறகு யாரோ தம்பிமார் இருப்பார்கள். முற்பணம் யாருடையது, உடைந்த மின்விசிறிக்கு யார் பொறுப்பு என்று கடவுளுக்கும் தெரியாது. தம்பிமாரே, ஆறு பேரும் கையெழுத்து வையுங்கள். ஒருவர் போய் ஒருவர் வரும் நாளில் பழையவர் பெயரை வெட்டிப் புதியவர் பெயரை எழுதி, வீட்டுக்காரரின் கையெழுத்தையும் பக்கத்திலேயே வாங்குங்கள்.

நல்லூர்த் திருவிழாவும் பூட்டின அறையும்

கூட இருப்பவர் என்றால் வாடகைக்காரரின் ஆட்கள்தான் என்று நினைக்கிறோம். எங்கள் ஊரில் வீட்டுக்காரரே கூட இருப்பவர் ஆகலாம். வெளிநாட்டுக்காரரின் வீடு என்றால் ஒரு அறை பூட்டிக் கிடக்கும். உள்ளே அவர்களின் கட்டில், அலுமாரி, அம்மாவின் தையல் மெசின், சாமிப் படங்கள். "அது சும்மா சாமான் அறை" என்பார்கள். ஆடி மாதம் பிறக்க ரெலிபோன் வரும்: "தங்கச்சி, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வாறம். உந்த அறை காணும் எங்களுக்கு." நல்லூர்த் திருவிழா 25 நாள். வருகிறவர்கள் நாலு பேர். மலசலகூடம் ஒன்று.

முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்தீர்களா, அந்த அறை தவிர்ந்த வீட்டை எடுத்தீர்களா என்பதை முதல் நாளே எழுதுங்கள். அறை அவர்களுடையது என்றால், அங்கே சாமான் வைக்கவா, வந்து தங்கவும் உரிமை உண்டா? தங்குவதானால் வருடத்தில் எத்தனை நாள், எத்தனை பேர், அந்த மாதக் கறண்ட் பில்லை யார் கட்டுவது? கேட்கச் சங்கடமாக இருக்கும். அவர்கள் குளிரூட்டி பூட்டிப் படுத்துவிட்டுப் போன பிறகு கேட்பது அதைவிடச் சங்கடம். வீட்டுப் பாவனைக் கட்டணம் படிமுறையில் ஏறுவது. யூனிட் கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் கூடும். 180 யூனிட்டைத் தாண்டினால் வரும் பில்லைப் பார்த்து நான் ஒருமுறை அடுப்படியில் அப்படியே குந்திவிட்டேன்.

பின் வளவுக் கொட்டிலில் ஒரு ஐயா இருப்பார், "அவர் வளவு பார்க்கிறவர்" என்பார்கள். அவர் எந்தக் கிணற்றில் குளிப்பார், எந்த வழியால் வருவார் என்பதையும் கேளுங்கள். மாங்காய், தேங்காய் யாருக்கு என்பது இந்தக் கட்டுரைக்குள் வராது. ஆனால் கறுத்தக்கொழும்பான் நிற்கும் வளவு என்றால் அதையும் எழுதிவிடுங்கள். அதற்கு வந்த சண்டைகளை நான் தட்டச்சில் அடித்திருக்கிறேன்.

உங்கள் பக்கத்து விருந்தாளிகளுக்கும் இதே நியாயம்தான். சுவிசில் இருந்து அக்கா குடும்பம் இரண்டு கிழமை வந்து நிற்பதற்கு யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆட்கள் கூடும்போது கிணறும் குழியும் அவர்களைக் கணக்கில் எடுக்கும். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக் கல். மலக்குழித் தண்ணீர் வெடிப்புகளால் இலகுவாகக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். நாலு பேருக்கு வெட்டின குழியை ஒன்பது பேர் பாவித்தால் வீட்டுக்காரர் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. நான் இப்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தண்ணீரைக் குடிப்பது நீங்கள்.

"ஒரு கிழமைதான்" என்று வருகிறவர்கள்

உறவுக்காரருக்கு இல்லை என்று சொல்வது எங்களுக்குக் கைவராத காரியம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, சாவகச்சேரியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டு விறாந்தையில் நாங்கள் ஆறு குடும்பம் படுத்திருந்தோம். அந்த வீட்டு அம்மா ஒருவரையும் பெயர் கேட்கவில்லை. அப்படி ஒரு விறாந்தையில் படுத்து எழும்பினவளுக்கு, மல்லாவியில் இருந்து வரும் பிள்ளையைப் பார்த்து "ஒப்பந்தத்தில் இடமில்லை" என்று எப்படி வாய் வரும்?

வராது. அதனால் பிள்ளையை மறிக்க வேண்டாம். வீட்டுக்காரரிடம் முந்திச் சொல்லுங்கள். நான் பார்த்த அளவில் வீட்டுக்காரருக்குக் கோபம் வருவது ஆள் வந்ததால் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தனக்குத் தெரிய வந்ததால். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கனடாவுக்குச் செய்தி அனுப்பும் வேகம் உங்களுக்குத் தெரியும்தானே.

வந்தவர் சும்மா இருக்கிறாரா, செலவில் பங்கு தருகிறாரா என்பதையும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அரிசிக்கும் கறண்டுக்கும் காசு தருவது வேறு, மாதம் முதலாம் திகதி அறைக்கென்று காசு தருவது வேறு.

பொலிசும் ஜீ.எஸ்.சும்

வீட்டில் இருப்பவர்களின் விபரத்தைப் பொலிஸ் கேட்டால் கொடுக்க வேண்டும். 1865இன் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, குடும்பத்தாரையும் வேலைக்காரரையும் மற்றவர்களையும் வேறுபிரித்துக் காட்டும் பட்டியலைப் பற்றித்தான் பேசுகிறது. போர்க்காலத்தில் இந்தப் பட்டியலால் நாங்கள் பட்டது கொஞ்சமல்ல. அந்தத் தாளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசையும். ஆனால் படிவம் வந்தால் பழைய பயத்தில் ஆளை ஒளிக்காதீர்கள். இருக்கிறவர் எல்லாரையும் எழுதி, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்குச் சொன்ன பட்டியலும் பொலிசுக்குக் கொடுத்த பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கிராம சேவகரிடம் (ஜீ.எஸ். என்பது அவரைத்தான்) பதிவதற்கும், வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்ப்பதற்கும் சில வீட்டுக்காரர்கள் விட மாட்டார்கள். "பேந்து வீடு எங்கட எண்டு நிண்டால்?" என்பார்கள். பத்து வருடம் தொடர்ந்து இருந்தவருக்கே வீடு உரித்தாகிவிடும் என்ற "பத்து வருட ஆட்சி"தான் அவர்களின் பயம். 1871இன் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பத்து வருட ஆட்சி என்பது உரிமையாளரின் உரித்தை ஏற்காமல் இருப்பவருக்கு. வாடகை கட்டுகிறவர் மாதாமாதம் "இது உங்களுடையது" என்று ஒத்துக்கொள்கிறார். ஆக வாடகைப் பற்றுச்சீட்டை எழுதிக் கொடுப்பது வீட்டுக்காரருக்கே பாதுகாப்பு. ஆளில்லாத வீடுகளில் போர்க்காலத்தில் பலர் குடியேறியதால் அந்தப் பயம் சும்மா வந்ததில்லை என்பதும் உண்மை. அதற்காகத்தான் 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்து, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தை, போரால் தன் காணிக்கு வர முடியாமற் போனவருக்கு எதிராக எண்ணக் கூடாது என்று சொன்னது. இதை வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்தினால் பாதிப் பேர் சம்மதிப்பார்கள். பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கும்போது வதிவிட ஆதாரம் கேட்பார்கள் என்பதால், இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாடகைக்காரர் இறந்தால் மற்றவர்களின் நிலை என்ன? வாடகைச் சட்டம் பொருந்தும் வீடு என்றால் அதன் 36ஆம் பிரிவு கைகொடுக்கும். இறந்தவரின் கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர், சகோதரம், அவரில் தங்கி வாழ்ந்தவர் ஆகியோரில் ஒருவர், இறப்புக்கு முந்திய மூன்று மாதமும் அவருடைய வீட்டாரில் ஒருவராக இருந்திருந்தால் வாடகைக்காரராகத் தொடரலாம். அந்த மூன்று மாதத்தை எப்படிக் காட்டுவது? மேலே சொன்ன பட்டியல், பதிவு, ஒப்பந்தத்தில் பெயர், இவைதான். சட்டம் பொருந்தாத வீட்டில் உள்ளவர்கள், மனைவி பெயரையும் சேர்க்கச் சொன்னேனே, அதை இன்றைக்கே செய்யுங்கள்.

செய்தியை எப்படி எழுதுவது

ரெலிபோனில் சொல்லிவிட்டேன் என்பது போதாது. வட்ஸ்அப்பில் எழுதுங்கள். குரல் செய்தி வேண்டாம். ஆறு மாதம் கழித்துத் தேடி எடுக்க முடியாது. யார், என்ன உறவு, எப்போது வருவார், எப்போது போவார், பணம் தருவாரா என்ற ஐந்தும் இருந்தால் சரி. பதில் வரும்வரை பொறுங்கள், வந்ததும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அறை ஒன்றை வாடகைக்கே கொடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் வட்ஸ்அப்பை நம்பாமல் கையெழுத்து வைத்த கடிதம் கேளுங்கள்.

கொக்குவில் வீட்டில் இருக்கும் பிள்ளை போன கிழமை எனக்கு அனுப்பியது இது: "அன்ரி, வவுனியாவில் இருந்து மாமி வாறா. பெரியாஸ்பத்திரியில கண் ஒப்பரேசன். 12ஆம் திகதி வந்து அடுத்த மாதம் 15 மட்டும் நிப்பா. காசு ஒண்டும் வாங்கேல்லை. அண்ணாட்டயும் கேட்டுச் சொல்லுங்கோ."

அண்ணாவிடம் கேட்டேன். ஓம் என்றார். கிணற்றடிப் படியில் பாசி பிடித்திருக்கிறது, மாமி இறங்குமுன் தேய்த்துவிடச் சொல்லிப் பதில் போட்டேன்.